முதலாம் கியரில் பின்னால் போன பிக்கப்

இது நடந்தது சென்ற வருடம், சிறுபோக அறுவடை முடிந்து மாரி மழை தொடங்கவிருந்த நாட்களில். சம்மாந்துறையைத் தாண்டி வயல்களுக்குள் ஓடும் ஒரு வாய்க்காலின் கரைக்கட்டில், காலை வெயில் ஏறும் நேரத்தில். எந்த இடம், எந்த நேரம் என்பதை முதலிலேயே சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதை நம்புவது கொஞ்சம் கஷ்டம். பல நாட்கள் எனக்கே நம்ப முடியவில்லை.

எங்களுக்குக் கல்முனை. நானும் மனைவியும் வீட்டு வளவில் கன்றுகள் வளர்த்து விற்கிறோம். தென்னை, மா, கொய்யா, எலுமிச்சை என்று எல்லாம் இருக்கும். வளர்ப்பது அவள், கொண்டுபோய்க் கொடுப்பது நான். நிந்தவூர், காரைதீவு, சம்மாந்துறை, எங்கிருந்து கேட்டாலும் எங்கள் பிக்கப் போகும்.

அந்தப் பிக்கப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தை விட வயது கூடியது. ஜப்பான் வண்டி. நாலு சிலிண்டர், இரண்டாயிரத்து இருநூறு சீசீ டீசல் எஞ்சின். டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. பம்பிலிருந்து நாலு குழாய்கள் நாலு சிலிண்டருக்கும் டீசல் கொண்டுபோகும், அவ்வளவுதான். சாவியை முறுக்கி, ஹீட்டர் சூடாகும் வரை பொறுத்து, அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். நிறுத்தச் சாவி உதவாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குமிழ் இருக்கிறது. அதை வெளியே இழுத்தால் பம்ப் டீசல் கொடுப்பதை நிறுத்தும், எஞ்சின் ஓயும்.

இந்த மாதிரி எஞ்சின்களுக்கென்றே சில வியாதிகள் உண்டு. ஒரு ஹீட்டர் பழுதானால் காலையில் எழும்பாது, எழும்பினாலும் வளவு முழுக்க வெள்ளைப் புகை. பாரம் ஏற்றிக்கொண்டு வெயிலில் ஓடினால் சூடேறி ஹெட் கேஸ்கட் போகும். பின்பக்கம் எப்போதும் ஒயில் கசியும். எல்லாவற்றிலும் பெரிய தொல்லை, டீசல் குழாய்க்குள் காற்றுப் போவது. அப்படிப் போனால் எந்த இடத்திலும் இருமி இருமி நின்றுவிடும். கையால் பம்ப் பண்ணிக் காற்றை வெளியேற்றினால் மறுபடி ஓடும். இவ்வளவும் எனக்குப் பழகிப்போன விஷயங்கள். அந்த வண்டியில் எனக்குத் தெரியாத ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

அன்று வாய்க்காலுக்கு அப்பால் தோட்டம் போடும் ஒருவருக்குத் தென்னங்கன்றுகள் கொண்டு போனோம். எப்படி நட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்ததால் மனைவியும் வந்தாள். வயல் பாதையிலிருந்து வாய்க்கால் கட்டுக்கு ஏறும் இடம் நல்ல செங்குத்து. பாதைக்கு ஒரு பக்கம் வடிச்சல் ஓடை, அதில் முழங்கால் அளவு சேறு. காலையில் தண்ணீர் ஊற்றிய கன்றுப் பைகள், மண்ணோடு சேர்ந்து கல்லுக் கனம். என் ஹேண்ட் பிரேக் அவ்வளவு நல்லதில்லை. அதனால் மனைவி கீழே இறங்கி ஒரு மரக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டாள். வண்டி நின்றால் பின் சக்கரத்துக்கு முண்டு கொடுப்பதற்கு.

முதலாம் கியரில் ஏறினேன். பாதி ஏற்றத்தில் எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. காற்றுத்தான் என்று நினைத்தேன். கியரில் கிடப்பதால் வண்டி அப்படியே நிற்கும் என்று கிளச்சையும் பிரேக்கையும் மிதிக்கவில்லை. ஆனால் பாரம் இழுத்தது. வண்டி ஒரு உலுக்கு உலுக்கிப் பின்னால் நகர்ந்தது, மறுபடி ஒரு உலுக்கு. அடுத்த உலுக்கில், நான் சாவியைத் தொடாமலே, எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அல்ஹம்துலில்லாஹ் என்று கிளச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். சத்தம் மட்டும் சரியில்லை. தொண்டை கட்டினவன் கத்துவது போல ஒரு சத்தம். எக்ஸலேட்டரில் கால் இல்லாமலே வேகம் கூடிக்கொண்டு போனது. பொனெட் இடுக்கால் கறுப்புப் புகை வந்தது. ஒயில் லைட் சிவப்பாக எரிந்தது. இதையெல்லாம் கண்டேன், ஆனால் யோசிக்கவில்லை. ஏற்றத்தில் நிற்கிற பயம், எஞ்சின் ஓடுகிறபோதே ஏறிவிட வேண்டும் என்ற அவசரம்.

மனைவி கட்டையோடு பின் சக்கரத்தடிக்கு வந்துவிட்டாள்.

"கட்டை வேணாம், நான் ஏறப்போறன்," என்று தலையை வெளியே நீட்டிச் சொல்லிவிட்டுக் கிளச்சை விட்டேன்.

வண்டி பின்னால் பாய்ந்தது.

அவள் கத்தியது கேட்டது. கிளச்சோடு சேர்த்துப் பிரேக்கில் ஏறி நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும். கன்றுகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று சரிந்தன. கண்ணாடியில் பார்த்தால் அவளைக் காணவில்லை. அந்த ஒரு கணத்தை என்னால் எழுத முடியாது. பிறகு ஓடைக்குள் இருந்து குரல் வந்தது. பாய்ந்து விழுந்திருக்கிறாள்.

நான் கியர் கம்பைப் பார்த்தேன். அது முதலாம் கியரில்தான் கிடந்தது. என் வண்டியில் முதலாவது இடப்பக்கம் மேலே, ரிவேஸ் வலப்பக்கம் கீழே. ஒன்று கிழக்கு என்றால் மற்றது மேற்கு. மாறிப்போட வழியே இல்லை. ஆனால் வண்டி பின்னால்தானே போனது. என் கண் ஒன்றைச் சொல்கிறது, வண்டி வேறொன்றைச் செய்கிறது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளை விட்டு விலகி முன்னால் போக வேண்டும் என்பது மட்டும்தான். முதலாவது பின்னால் போனால் இது முதலாவது இல்லை என்று நினைத்தேனோ, என்ன நினைத்தேனோ தெரியாது. கை தானாகவே கம்பை எதிர்மூலைக்கு இழுத்தது. ரிவேஸ். கிளச்சை விட்டேன்.

வண்டி முன்னால் ஏறியது.

சத்தியமாகச் சொல்கிறேன், ரிவேஸ் கியரில், கட்டு வரைக்கும், மேடு ஏறியது. பின்னால் பாய்ந்தபோது வந்த பயத்தை விட இந்தப் பயம் பெரிது. கட்டின் மேலே வந்ததும் குமிழைப் பிடித்து இழுத்தேன். எஞ்சின் நின்றது. நான் ஓடையை நோக்கி ஓடினேன்.

அவள் இடுப்பு வரை சேற்றில் உட்கார்ந்திருந்தாள். அபாயா முழுக்கச் சேறு. இடது மணிக்கட்டை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தாள். அவள் முதலில் கேட்டது இதுதான்: "ஏன் பின்னுக்கு எடுத்தீங்க?"

"நான் எடுக்கல்ல புள்ள. பர்ஸ்ட் கியர்தான் போட்டன்."

அவள் என்னைப் பார்த்தாள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் மெஷினோடு நின்ற ஒரு மனிதர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் டிராக்டரை மெஷின் என்றுதான் சொல்வோம். அவர் ஓடிவந்து மனைவியைக் கரையேற்ற உதவினார். நடந்ததைச் சொன்னேன். அவர் பிக்கப்பில் ஏறி ஸ்டார்ட் பண்ணினார். பழைய சத்தம், நல்ல சத்தம். முதலாவது போட்டார், முன்னால் போனது. ரிவேஸ் போட்டார், பின்னால் வந்தது. இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

"வண்டியில ஒண்டுமில்ல காக்கா. பதட்டத்துல கை மாறியிரிக்கும். வெயிலும் கடுமைதானே," என்றார். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம்.

நல்ல மனிதர். கன்றுகளை இறக்கவும் அவர்தான் உதவினார். ஆனால் சாவியைத் தரும்போது அவர் பார்த்த பார்வை என் மனதில் குத்தியது. கொஞ்சம் புத்தி தட்டிப்போன ஆளிடம் கதைப்பது போல மெதுவாகக் கதைத்தார்.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டில் சின்ன வெடிப்பு என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மனைவியின் மூத்த சகோதரர் வந்தார். தங்கச்சி என்றால் அவருக்கு உயிர். நான் எல்லாவற்றையும் சொன்னேன், ரிவேஸில் முன்னால் ஏறியதையும் சேர்த்து. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று சொல்லும்போதே தெரிந்தது.

"மச்சான், கோவிக்க வேணாம்," என்றார் அவர். "நாளைக்கு ஸ்டியரிங்க வளைச்சா ரோட்டு வளையுது எண்டும் சொல்லுவீங்க. கை மாறிச்சு எண்டு சொன்னா முடிஞ்சிது. மனிசனுக்கு வாறதுதானே. அத விட்டுட்டு இதென்ன கத?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவிதான் பதில் சொன்னாள்.

"அவரு பர்ஸ்ட் கியர்தான் போட்டாரு காக்கா. நான் பின்னாலதான் நிண்டன். அவரு சொன்னாச் சொன்னதுதான்."

"நீயும் சேந்து பைத்தியக் கத கதைக்காத. ஒன்ட உயிருதான் போகப் பாத்திச்சு."

"ஓம், என்ட உயிருதான். நான்தான் சொல்றன், அவருட கை மாறல்ல."

அவர் எழுந்து போய்விட்டார். போகும்போது வாசலில் நின்று, வண்டியை விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் சொன்ன சொல்லை விட என்னைப் பிடித்து ஆட்டியது வேறொரு பயம். என் வாப்பாவுக்குக் கடைசி வருடங்களில் மறதி நோய் வந்தது. ஒருநாள் பள்ளியிலிருந்து தொழுதுவிட்டு வந்தவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, என் வீட்டுக்குள் நீங்கள் யார் என்று கேட்டார். அதுதான் தொடக்கம். அன்று காலை வரைக்கும் அவர் கணக்கில் ஒரு பிழை விட்டதில்லை. எனக்கு இப்போது அவருக்கு அது தொடங்கிய வயதுக்குக் கிட்ட ஆகிறது.

அதனால் நான் யாருக்கும் சொல்லாமல் என்னைச் சோதிக்கத் தொடங்கினேன். நிற்கிற வண்டிக்குள் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு கியரை மாற்றுவேன். முதலாவது, ரிவேஸ், மூன்றாவது, முதலாவது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் சரியாகவே இருக்கும். அதனால் நிம்மதி வந்ததா என்றால் இல்லை. வாப்பாவும் நல்ல நேரத்தில் எல்லாவற்றையும் சரியாகத்தானே சொல்வார். பிறகு, ஜின் வேலையோ என்றும் யோசித்தேன். பிறகு, அப்படி யோசிப்பதே புத்தி கெடுவதன் அடையாளமோ என்று யோசித்தேன். தொழும்போது எத்தனையாவது ரக்அத் என்று சந்தேகம் வரும். எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான், ஆனால் இப்போது அது வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கன்றுகள் கொடுக்கப் போவதை நிறுத்தினேன். கேட்பவர்கள் வந்து எடுத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வண்டியை விற்பதென்றே முடிவு செய்தேன். ஆனால் அன்றைக்குப் பிறகு எஞ்சின் இழுவை குறைந்து, கறுப்புப் புகை தள்ளியது. அப்படியே கொடுத்தால் வாங்குபவனை ஏமாற்றுவது போலாகும். ஒருதரம் பார்த்துவிட்டுக் கொடுப்போம் என்று வழக்கமாகப் போகும் கராஜுக்குக் கொண்டு போனேன். நானும் வருகிறேன் என்று மாவுக்கட்டோடு மனைவியும் ஏறிக்கொண்டாள்.

கராஜ் வைத்திருக்கும் பாஸ் என் வயதுக்காரர், எப்போதும் சிரித்துக் கதைப்பவர். கறுப்புப் புகை என்றதும் ஒன்றில் இன்ஜெக்டர், இல்லாவிட்டால் எயார் கிளீனர் அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே எயார் கிளீனர் மூடியைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார்.

உள்ளே கரி. வெளியிலிருந்து தூசி சேரும் பக்கத்தில் இல்லை, எஞ்சினுக்குப் போகும் சுத்தமான பக்கத்தில். அங்கிருந்து போகும் ரப்பர் குழாயைக் கழற்றினார். அதன் உட்புறம் வெந்து இளகியிருந்தது.

"இதுக்குள்ள நெருப்பு வெச்ச யாரு?" என்றார். "இது மூச்சு எடுக்கிற வழி. புகை போற வழி சைலன்சர். இஞ்ச எப்பிடிக் கரி வந்திச்சு?"

இன்னொரு தடவை அந்தப் பார்வையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மனைவிதான் தொடக்கத்திலிருந்து சொன்னாள். ஏற்றத்தில் நின்றது, பின்னால் உருண்டது, சாவி இல்லாமல் எஞ்சின் பிடித்தது, முதலாவது பின்னால் போனது. ரிவேஸில் முன்னால் ஏறியது என்ற இடம் வந்ததும் பாஸ் சிரிக்கத் தொடங்கினார். பிறகு, பாதிச் சிரிப்பில், கையிலிருந்த குழாயைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒயில் லைட் எரிஞ்சிச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம். சிவப்பா எரிஞ்சிச்சு."

"எக்ஸலேட்டர் மிதிக்காம வேகம் கூடிச்சா?"

"ஓம்."

அவர் ஒரு டயரில் உட்கார்ந்தார். "நான் வேல பழகின காலத்துல பெரியாக்கள் சொல்லுவாங்க. இந்த மாதிரிப் பழைய பம்ப் எஞ்சின், ஏத்தத்துல கியரோட பின்னுக்கு உருண்டா சில நேரம் மறுபக்கமாச் சுத்திப் பிடிச்சிரும் எண்டு. நான் அதப் பம்மாத்துக் கதை எண்டுதான் நினைச்ச."

பிறகு அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. காற்றை நெருக்கி அதில் டீசலைச் சீறவிட்டால் போதும், எந்தப் பக்கம் சுற்றினாலும் எரியும். புதிய எஞ்சின்களில் கம்ப்யூட்டர் அதை விடாது. இந்தக் கிழட்டு எஞ்சினுக்குத் தடுக்க ஒன்றுமில்லை. எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் சைலன்சர் வழியாக மூச்சு எடுத்து, எயார் கிளீனர் வழியாகப் புகை விடும். ஒயில் பம்பும் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் ஒயில் ஏறாது, லைட் எரியும். கியர் எல்லாம் தலைகீழ். முன்னால் போவது பின்னால் போகும், பின்னால் போவது முன்னால் போகும். குமிழை இழுத்து நிறுத்திவிட்டுச் சாவியால் ஸ்டார்ட் பண்ணினால் ஸ்டார்ட்டர் மோட்டர் எஞ்சினைச் சரியான பக்கம் சுற்றவைக்கும், எல்லாம் பழையபடி.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தா ஒயில் இல்லாம எஞ்சின் இறுகியிருக்கும்," என்றார். "ஆனா ஒண்டு சொல்றன், கரியக் கண்டதாலதான் நம்புறன். எனக்கும் இது முழுசா வெளங்கல்ல."

எனக்கும்தான் முழுதாக விளங்கவில்லை. ஆனால் நெஞ்சின் மேல் கிடந்த ஒரு மூட்டையை யாரோ தூக்கி எடுத்தது போல இருந்தது. சிரித்துக்கொண்டு மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அங்கே இல்லை.

கராஜின் பக்கச் சுவரோரம் போய் நின்று, முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கை நோகுதோ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

"நான் நம்பல்ல," என்றாள்.

"எத?"

"நீங்க சொன்னத. காக்காக்கு முன்னாலதான் அப்பிடிச் சொன்னன். மனசுக்குள்ள பயந்துதான் கிடந்தன். மாமாவுக்கு வந்த மறதி வருத்தம் ஒங்களுக்கும் வந்திட்டோ எண்டு. நீங்க தனிய வண்டிக்குள்ள கண்ண மூடிட்டு இரிக்கிறதையும் கண்டன்."

என் வாப்பாவை அவள் மாமா என்றுதான் சொல்வாள். கடைசி வரை அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியவள் அவள்தான். அந்த நோய் எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த யோசனை அதுவரை எனக்கு வரவே இல்லை.

"நம்பல்ல எண்டா ஏன் எனக்காக அப்பிடிக் கதைச்ச?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது வந்திரிந்தாலும் நான்தானே ஒங்களோட நிக்கணும். அண்டைக்கே நிண்டன், அவ்வளவுதான்."

வண்டியை விற்கவில்லை. இன்ஜெக்டரைத் துப்புரவாக்கி, குழாயை மாற்றி, ஹேண்ட் பிரேக்கையும் சரி பண்ணி எடுத்தோம். ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் உடனே கிளச்சையும் பிரேக்கையும் மிதி, உருள விடாதே என்று இப்போது பழைய பிக்கப் வைத்திருப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். பாதிப்பேர் சிரிக்கிறார்கள். மச்சானைக் கராஜுக்கே கூட்டிக்கொண்டு போய் அந்த வெந்த குழாயைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அல்லாஹ்தான் அறிவான் என்றார். நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தக் கரியும் வெந்த குழாயும் என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று சாட்சி சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் எந்தச் சாட்சியும் இல்லாத நாட்களில், தன் கையை முறித்தவன் நான் என்று தெரிந்துகொண்டும், என் புத்தி போய்விட்டதென்று உள்ளுக்குள் அஞ்சிக்கொண்டும், எனக்காக ஒருத்தி பேசினாள். ஒருவர் சொல்வதை நம்புவது வேறு, அவரோடு நிற்பது வேறு என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.